நீங்கள் அடித்ததையே நாங்களும் அடிக்கிறோம்: அரசு ஆவணங்களை வலையேற்றுபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் ஆணைகளையும் அறிவிக்கைகளையும் படிவங்களையும் தட்டச்சு செய்து இணையதளத்தில் ஏற்றும் ஊழியர்களுக்கும், எந்த வடிவில் ஏற்ற வேண்டும் என்று முடிவு செய்யும் அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

நான் ஒரு தாலுகா அலுவலகத்துக்கு எதிரே தட்டச்சுக் கடை நடத்துகிறேன். தமிழ் டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்துவிட்டு, 2002-இல் ஒரு கம்ப்யூட்டரும் ஒரு பழைய பிரிண்டருமாக உட்கார்ந்தவள். மனு, வாடகை ஒப்பந்தம், கல்லூரிப் பிள்ளைகளின் பிராஜெக்ட் என்று எத்தனையோ அடித்திருக்கிறேன். இப்போதெல்லாம் அதிகமாக வரும் வேலை வேறு. “இந்த பிடிஎஃப்பை வேர்டா மாத்திக் குடுங்க” என்று போனை நீட்டுகிறார்கள். திறந்து பார்த்தால் பாதிக்கு மேல் உங்கள் அலுவலகங்களிலிருந்து வந்தவை.

போன மாதம் ஒரு பெண் வந்தார். பார்வையில்லாதவர். முதுகலை முடித்துவிட்டு அரசு வேலைக்குத் தேர்வு எழுதிக்கொண்டிருக்கிறார். ஓர் அலுவலகம் வெளியிட்ட 14 பக்க அறிவிக்கை அவர் போனில் இருந்தது. போனில் உள்ள திரைவாசிப்பான் எதையும் சத்தமாக வாசித்துக் காட்டிவிடும். ஆனால் இந்தக் கோப்பைத் திறந்தால் பக்க எண்ணை மட்டும் சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது. “அக்கா, இதுல ஒண்ணுமே இல்லைங்குது” என்றார். எல்லாமே இருந்தது. வயது வரம்பு, கட்டண விலக்கு, தேர்வில் சொல்வதை எழுதுபவர் வேண்டுமென்றால் எப்படி விண்ணப்பிப்பது என்ற பத்தி, எல்லாம் படமாக இருந்தது. அவருக்காகவே எழுதப்பட்ட பத்தியை அவரால் மட்டும் படிக்க முடியவில்லை.

படத்திலிருந்து எழுத்தை எடுக்கும் ஓசிஆரில் போட்டுப் பார்த்தேன். பத்திகள் ஓரளவு வந்தன. அட்டவணைகள் நொறுங்கிப் போயின. கடைசியில் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்துக் கையாலேயே அடித்தேன். கடை மூடிய பிறகு இரண்டு ராத்திரி வேலை. அடிக்கும்போது ஒரு எண்ணம் விடாமல் வந்துகொண்டே இருந்தது. இந்த வரியை என்னைப் போலவே ஒருவர் ஏற்கெனவே அடித்திருக்கிறார். லோயர், ஹையர், ஆபீஸ் ஆட்டோமேஷன் எல்லாம் பாஸ் செய்தவர். சந்திப்பிழை பார்த்து, மேலதிகாரி திருத்தியதைத் திருத்தி, மூன்று தடவை பிரிண்ட் எடுத்து, கஷ்டப்பட்டு அடித்திருக்கிறார். அப்புறம் அந்தத் தாளில் கையெழுத்து வாங்கி, முத்திரை குத்தி, ஸ்கேனரில் சற்றுக் கோணலாக வைத்து, படமாக்கி ஏற்றியிருக்கிறார். எழுத்து அவருடைய கம்ப்யூட்டரில் உயிரோடு இருந்தது. தாளுக்குப் போய்த் திரும்பி வந்த வழியில்தான் தொலைந்துபோனது.

இந்த மடல் அந்த வழியைப் பற்றித்தான்.

பிடிஎஃப் கெட்ட பொருள் இல்லை. அடோபி நிறுவனம் 1993-இல் அதைக் கொண்டுவந்தபோது இருந்த சிக்கல் உண்மையான சிக்கல். ஒரு கம்ப்யூட்டரில் அழகாக இருக்கும் பக்கம் இன்னொன்றில் திறந்தால் குலைந்துவிடும். எங்கே திறந்தாலும், எதில் அச்சிட்டாலும் பக்கம் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று செய்தார்கள். 2008-இல் அது ஐஎஸ்ஓ என்ற உலகத் தர அமைப்பின் தரமாகவும் ஆனது. அச்சுக்கு அதைவிட நல்லது கிடையாது. நானும் அச்சகத்துக்கு பிடிஎஃப்தான் அனுப்புகிறேன்.

ஆனால் அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஏ4 தாள் அதற்கு 595-க்கு 842 புள்ளி அளவுள்ள ஒரு கட்டம். இந்த எழுத்து வடிவத்தை இந்த இடத்தில் வை, அடுத்ததை அந்த இடத்தில் வை. இப்படிப்பட்ட கட்டளைகள்தான் உள்ளே இருக்கின்றன. பத்தி எங்கே முடிகிறது, எது தலைப்பு, எந்த எண் எந்தக் கட்டத்தைச் சேர்ந்தது என்பதெல்லாம், யாராவது அக்கறையோடு குறித்து வைத்தாலொழிய, அதற்குத் தெரியாது. மனிதக் கண் பார்த்துப் புரிந்துகொள்ளும். திரைவாசிப்பானும் வேர்டும் ஊகிக்க வேண்டியதுதான். வேர்டு 2013-லிருந்து பிடிஎஃப்பைத் தானே திறந்து மாற்றித் தருகிறது. வேர்டு போலவே இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸும் திறக்கும், ஆனால் வரிக்கு வரி தனித்தனிப் பெட்டியாக. திறந்ததும் ‘வந்துவிட்டது’ என்று தோன்றும். ஒரு சொல்லைச் சேர்த்துப் பாருங்கள், வரி ஓரத்தைத் தாண்டி ஓடும், அடுத்த வரி அசையாது.

இதுவரை சொன்னது எல்லா மொழிக்கும் உள்ள தொல்லை. தமிழுக்கு இதற்கு மேலும் இருக்கிறது. அதை நீங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால் ‘நாங்கள் ஸ்கேன் செய்யவில்லை, நேராக பிடிஎஃப்பாகத்தான் சேமித்தோம்’ என்று சொல்லும் நல்ல அலுவலகங்களும் இங்கேதான் மாட்டிக்கொள்கின்றன.

‘கொடுத்தார்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். ஒவ்வோர் எழுத்துக்கும் குறிக்கும் ஓர் எண் தரும் பொதுக் குறியாக்கமான ஒருங்குறியில் (யூனிகோடில்) முதலில் ககரம், அதன் பின் ஒகரக் குறி. நாம் உச்சரிக்கும் வரிசை அது. தாளிலோ ஒற்றைக்கொம்பு முன்னால், ககரம் நடுவில், கால் பின்னால். பிடிஎஃப் பிடித்து வைத்துக்கொள்வது தாளின் வரிசையைத்தான். பிடிஎஃப்பிலிருந்து காப்பி எடுத்து ஒட்டும்போது கொம்பு முன்னால் தனியாக வந்து, ஒட்டிக்கொள்ள எழுத்தில்லாமல் ஒரு புள்ளி வட்டத்தோடு நிற்கிறது. இல்லையென்றால் முந்தைய சொல்லின் கடைசி எழுத்தில் ஏறிக்கொள்கிறது. எகரம், ஏகாரம், ஐகாரம், ஒகரம், ஓகாரம், ஔகாரம் என்று கொம்பும் சங்கிலிக்கொம்பும் வரும் எழுத்துகள் எல்லாவற்றுக்கும் இந்த ஆபத்து உண்டு. ஒரு பக்கத்தில் அப்படி எத்தனை எழுத்து இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். இன்னொன்று, ‘கு’, ‘டு’, ‘மூ’ போன்றவை திரையில் ஒரே உருவம், உள்ளே இரண்டு எண்கள். உருவத்திலிருந்து எண்ணுக்குத் திரும்பி வர பிடிஎஃப்புக்குள் ஓர் அட்டவணை வேண்டும். அட்டவணை இல்லாமலோ அரைகுறையாகவோ சேமிக்கப்பட்ட கோப்பில் அந்த எழுத்துகள் காணாமல் போகின்றன, அல்லது வேறு எழுத்தாக மாறுகின்றன. கண்ணுக்குப் பக்கம் பளிச்சென்று இருக்கும். கண்ட்ரோல் எஃப் போட்டு ‘கொள்முதல்’ என்று தேடினால் பூஜ்யம். அந்தச் சொல் அந்தப் பக்கத்தில் நான்கு இடத்தில் கண்ணெதிரே நிற்கும்.

ஆகவே தமிழுக்கு பிடிஎஃப் மட்டும் போதாது. ஆங்கில ஆவணத்துக்குப் போதுமானதாக இருக்கலாம். நம் எழுத்தின் அமைப்பு வேறு.

பழைய எழுத்துருக்களின் கதை இன்னும் வருத்தமானது. நானும் அந்தப் பாவத்தில் பங்குள்ளவள்தான். பல வருடங்கள் வானவில், பாமினி என்ற பழைய எழுத்துருக்களில் அடித்துக் குவித்தேன். பாமினியில் ‘தமிழ்’ என்று திரையில் தெரிவது உள்ளே தமிழே இல்லை. ஆங்கிலத்து ஜே, கே, பி, ஓ, பிறகு ஓர் அரைப்புள்ளி. எழுத்துரு என்ற முகமூடியைக் கழற்றினால் அதுதான் மிச்சம். 1999-இல் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்து, டாம், டாப் என்று பொதுக் குறியாக்கங்கள் வந்தன. 2010 ஜூனில், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த சமயத்தில், ஒருங்குறியும், தமிழுக்கென்றே செய்த டேஸ் 16 என்ற குறியாக்கமும்தான் இனித் தரம் என்று தமிழ்நாடு அரசே ஆணையிட்டது. தமிழ் இணையக் கல்விக்கழகம் மருதம் போன்ற ஒருங்குறி எழுத்துருக்களை இலவசமாகவே தருகிறது. அப்படியிருந்தும் என் கடைக்கு இன்றைக்கும் வானவில்லில் அடித்த புதிய அரசுக் கடிதங்கள் பிடிஎஃப்பாக வருகின்றன. காரணம் எனக்குப் புரிகிறது. பழகிய கை. பழைய மாதிரிக் கோப்பைத் திறந்து தேதியை மட்டும் மாற்றும் வழக்கம். ஒரு செக்‌ஷனில் ஒருவர் மாறினாலும் அடுத்த செக்‌ஷன் மாறவில்லையென்றால் கோப்பு கைமாறும்போது கட்டம் கட்டமாகத் தெரியும் என்ற பயம். நானும் அப்படித்தான் பயந்தேன். மாறிய பிறகு இரண்டு வாரம் வேகம் குறைந்தது உண்மை. அப்புறம் சரியாகிவிட்டது.

வானவில்லில் அடித்ததை ஒருங்குறிக்கு மாற்றக் கருவிகள் இருக்கின்றன, நன்றாகவே மாற்றும். ஆனால் நடுவில் வரும் ஆங்கிலச் சொல்லையும் அது தமிழ் என்று நினைத்து மாற்றிவிடும். ஒவ்வோர் ஆவணத்திலும் அதை உட்கார்ந்து பொறுக்க வேண்டும்.

ஸ்கேன் செய்த பக்கத்துக்கு ஓசிஆர் இருக்கிறதே என்று சொல்வீர்கள். இருக்கிறது, அதைச் செய்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஹெச்பி நிறுவனத்தில் 1980-களில் பிறந்த டெசராக்ட் என்ற ஓசிஆர் 2005-இல் எல்லாருக்கும் திறந்துவிடப்பட்டது. இப்போது தமிழையும் படிக்கிறது. கூகுளின் ஓசிஆர் இன்னும் நன்றாகப் படிக்கிறது. தமிழ் விக்கிமூலம் என்ற இணைய நூலகத்தில் நாட்டுடைமையான நூல்களின் ஸ்கேன் பக்கங்களை இப்படித்தான் எழுத்தாக்கினார்கள். ஆனால் அங்கே தன்னார்வலர்கள் ஒவ்வொரு பக்கமாக இன்னும் மெய்ப்பு பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள். கருவி எழுத்தைத் தருகிறது, சரியா என்பதை மனிதர்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. பழைய நூல்களுக்கு வேறு வழியில்லை. அவை ஈய அச்சில் பிறந்தவை. 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற மின்னூல் முயற்சியில் சங்க இலக்கியத்தைத் தட்டச்சு செய்தவர்களுக்கும் வேறு வழி இருக்கவில்லை. போன வாரம் கம்ப்யூட்டரில் பிறந்த ஆணைக்கு அந்தத் தலையெழுத்து எதற்கு?

ஓசிஆர் எங்கே தவறும் என்பதை நாள்தோறும் பார்ப்பவள் என்பதால் சொல்கிறேன். ஜெராக்ஸின் ஜெராக்ஸை ஸ்கேன் செய்தால் முதலில் போவது புள்ளிதான். மெய்யெழுத்தெல்லாம் உயிர்மெய்யாகிவிடும். ‘கல்வி’யில் லகரத்தின் புள்ளி போனால் என்ன சொல் வரும் என்று தமிழ் தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பள்ளிச் சுற்றறிக்கையில் அதை நான்கு இடத்தில் திருத்தினேன். ரகரமும் காலும் ஒன்றுக்கொன்று இடம் மாறும். எகரம் ஏகாரமாகும். எழுத்து மாறினால்கூடப் பரவாயில்லை, படிப்பவர் ஊகித்துவிடுவார். எண் மாறினால் ஊகிக்க முடியாது. நிலத்தின் பரப்பை 0.12.50 என்று ஹெக்டேர், ஏர் பிரித்து எழுதுகிறோம். நடுவில் ஒரு புள்ளி மங்கினால் நிலத்தின் அளவே வேறு. சர்வே எண்ணில் சாய்கோடு 1 ஆகிவிட்டால் அது வேறு ஊர்க்காரரின் வயல். நான் எழுத்துக்கு ஒரு தடவையும் எண்ணுக்கு இரண்டு தடவையும் ப்ரூஃப் பார்ப்பது இதனால்தான்.

உங்கள் பக்கத்து நியாயங்களையும் கேட்டிருக்கிறேன். எதிர் வரிசையில் இருக்கும் ஊழியர்கள் என் கடையில்தான் டீ குடிக்கிறார்கள்.

‘வேர்டு ஃபைலாகக் கொடுத்தால் யாராவது மாற்றிவிடுவார்கள்’ என்பதுதான் முதலில் வரும் பதில். பொறுப்பான கவலைதான். ஆனால் ஸ்கேன் செய்த படம் அதைத் தடுப்பதில்லை. படத்தில் ஓர் எண்ணை அழித்து வேறொன்றை ஒட்டுவது இன்று போனிலேயே நடக்கிறது, கண்டுபிடிப்பதும் கஷ்டம். மாற்றினால் காட்டிக்கொடுப்பது, கம்ப்யூட்டரிலேயே கோப்பில் போடும் மின்கையொப்பம். 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்திலிருந்தே அதற்குச் சட்ட மதிப்பு இருக்கிறது. மின்கையொப்பமிட்ட பிடிஎஃப் மூலமாக இருக்கட்டும். நீங்கள் அடித்த வேர்டு ஃபைல், அதாவது உரைக்கோப்பு, படிக்கவும் தேடவும் எடுத்தாளவும் இருக்கட்டும். ‘ஐயம் எழுந்தால் கையொப்பமிட்ட படியே செல்லும்’ என்று அதன் தலையில் ஒரு வரி போட்டுவிடுங்கள்.

‘கையெழுத்தும் முத்திரையும் தெரிய வேண்டும், அதனால்தான் ஸ்கேன்’ என்பது அடுத்தது. இதற்கு உச்ச நீதிமன்றமே பதில் சொல்லிவிட்டது. 2022 ஆகஸ்டில், பாரத ஸ்டேட் வங்கிக்கும் அஜய் குமார் சூட் என்பவருக்கும் இடையிலான வழக்கில், தீர்ப்புகளை அச்சிட்டு ஸ்கேன் செய்து ஏற்றுவது பயனில்லாத, நேரத்தைத் தின்னும் வழக்கம், மாற்றுத்திறனாளிகள் உள்ளிட்ட பலருக்கும் கதவடைக்கும் வழக்கம், அது ஒழிய வேண்டும் என்று எழுதினார்கள். மின்கையொப்பமிட்டு நேராக ஏற்றுங்கள் என்றார்கள். சொன்னது நீதிமன்ற ஆவணங்களைப் பற்றி. தாலுகா அலுவலகத்து ஆவணத்துக்கு அது எந்த விதத்தில் பொருந்தாது?

வாக்காளர் பட்டியல் போன்றவற்றில் தனிமனிதர் விவரம் இருப்பதால், அதைத் தேடும்படி கொடுக்கலாமா என்ற கேள்வி தனி. அதில் இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. நான் கேட்பது எல்லாரும் படிக்க வேண்டும் என்பதற்காகவே வெளியிடப்படும் ஆணை, அறிவிக்கை, விதி, படிவம், வரவு செலவு அட்டவணை.

சட்டம் ஏற்கெனவே எங்கள் பக்கம்தான் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் 42-ஆம் பிரிவு, மின்னணு வடிவில் வரும் உள்ளடக்கம் எல்லாம் அணுகத்தக்க வடிவில் கிடைக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005, கம்ப்யூட்டரில் உள்ள தகவலை மின்னணு வடிவிலேயே பெறும் உரிமையைத் தருகிறது. கேட்ட வடிவிலேயே பொதுவாகக் கொடுக்க வேண்டும் என்று 7(9)-ஆம் பிரிவு சொல்கிறது. வேர்டில் இருக்கும் ஒன்றை வேர்டிலேயே கேட்பதற்கு ஒரு குடிமகனுக்கு உரிமை இருக்கிறது. மனு போட்டு, 30 நாள் காத்திருந்து, அப்புறம் மேல்முறையீடு செய்துதான் அதை வாங்க வேண்டும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

நான் கேட்பதெல்லாம் ஒரு ஆணை முடிந்த பிறகு ஐந்து நிமிடம். ஒருங்குறியில் அடியுங்கள். அச்சிட்டு ஸ்கேன் செய்யாமல் வேர்டிலிருந்தோ லிப்ரே ஆபீஸிலிருந்தோ நேராக பிடிஎஃப்பாகச் சேமியுங்கள். சேமிக்கும் பெட்டியில் அணுகல் குறிச்சொற்களுக்கு ஒரு டிக் இருக்கும், அதைப் போட்டுவிடுங்கள். தலைப்பைக் கொட்டை எழுத்தில் மட்டும் போடாமல் தலைப்பு என்ற ஸ்டைலில் போடுங்கள், திரைவாசிப்பானில் தலைப்புக்குத் தலைப்பு தாவலாம். அந்த பிடிஎஃப் பக்கத்திலேயே மூல உரைக்கோப்பையும் ஏற்றுங்கள். அட்டவணை பெரிதாக இருந்தால் எக்செல்லாகவும் கொடுங்கள். மையால் கையெழுத்துப் போட்டே ஆக வேண்டிய ஆவணமென்றால் ஸ்கேனையும் போடுங்கள், உரைக்கோப்பு மட்டும் கூடவே இருக்கட்டும். கோப்புக்கு ‘ஸ்கேன் 0012’ என்று பெயர் வைக்காமல் ஆணை எண்ணும் தேதியும் வையுங்கள். ஏற்றிய பிறகு ஒரே ஒரு சோதனை. பிடிஎஃப்பைத் திறந்து, கொம்பு வரும் ஒரு சொல்லைத் தேடிப் பாருங்கள். கிடைக்கவில்லையென்றால், உரைக்கோப்பைக் கூடவே போட்டது வீண்போகவில்லை என்று அங்கேயே தெரிந்துவிடும்.

அதிகாரிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. இதைத் தட்டச்சர்களின் நல்ல மனதுக்கு விட்டுவிடாதீர்கள். அவர்களுக்கு ஏற்கெனவே தலைக்கு மேல் வேலை. ‘உரைக்கோப்பு இல்லாமல் எதையும் ஏற்றாதே’ என்று நீங்கள் ஒரு சுற்றறிக்கை போட்டால்தான் அவர்கள் செக்‌ஷனில் வாதாட முடியும். அந்தச் சுற்றறிக்கையையும் உரைக்கோப்பாகவே அனுப்புங்கள். எந்த அலுவலகமாவது கூப்பிட்டால் ஒரு சனிக்கிழமை வந்து, வானவில்லிலிருந்து ஒருங்குறிக்கு எப்படி மாறுவது என்று நானே சொல்லித் தருகிறேன். காசு வேண்டாம்.

இது நடந்தால் என் கடைக்கு வரும் வேலை குறையும். குறையட்டும். மாணவர்களிடம் மாற்றித் தரும் கூலி வாங்கும்போது கை கூசுகிறது. அரசு அவர்களுக்கு இலவசமாக வெளியிட்ட ஒன்றுக்கு நான் பணம் வாங்குகிறேன்.

அந்த 14 பக்க அறிவிக்கையை வெளியிட்டவர் இதைப் படிக்க நேர்ந்தால் ஓர் உதவி செய்யுங்கள். 9-ஆம் பக்கத்து அட்டவணையில், மாற்றுத்திறனாளிகளுக்கான வயது வரம்பின் மேல் உங்கள் வட்ட முத்திரை விழுந்திருக்கிறது. எத்தனை பெரிதாக்கிப் பார்த்தாலும் இரண்டாவது இலக்கம் 2-ஆ, 7-ஆ என்று எனக்குத் தெரியவில்லை. அந்த இடத்தை நிரப்பாமல் விட்டிருக்கிறேன். அந்தப் பெண்ணிடமும் அப்படியே சொல்லியிருக்கிறேன். உங்கள் கம்ப்யூட்டரில் அந்தக் கோப்பு இன்னும் இருக்கும். திறந்து பார்த்து, கடைசித் தேதிக்கு முன்னால் உங்கள் இணையதளத்தில் அந்த ஒரு எண்ணையாவது எழுத்தாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
தாலுகா அலுவலகத்துக்கு எதிரே தட்டச்சுக் கடை நடத்தும் ஒருவர்